நாரைக்காக வயலில் தண்ணீர் நிறுத்திய ஊர்

ஜப்பானில் டொயோகா என்று ஒரு ஊர் இருக்கிறது. ஹியோகோ மாகாணத்தின் வடக்கு ஓரத்தில், மாருயாமா ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில். சரிவே இல்லாத தரை என்பதால் ஆறு அங்கே மெதுவாகத்தான் நகரும். கடலின் உப்புத்தண்ணீர் ஆற்றுக்குள் வெகுதூரம் ஏறி வந்துவிடும். மழை கூடினால் வெள்ளம். முழங்காலுக்கு மேல் புதைகிற சேற்று வயல்கள். நம்ம டெல்டாவின் கடைமடைக்காரர்களுக்கு அந்த ஊரைப் பற்றி நான் ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

அந்த ஊரில் ஒரு நாரை இனம் 1971இல் அற்றுப்போனது. 34 வருஷம் கழித்து அதே வயல்களுக்குத் திரும்பி வந்தது. பறவை ஆர்வலர்கள் இந்தக் கதையைச் சொல்லும்போது கூண்டு, குஞ்சு பொரிப்பு, விஞ்ஞானிகள் என்றுதான் அதிகம் சொல்வார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு. நாரை திரும்பி வரக் காரணம், அந்த ஊர் நெல் விவசாயிகள் வயலில் தண்ணீர் நிறுத்துகிற நாட்களை மாற்றிக்கொண்டதுதான். அதனால்தான் நம்ம இதழில் இதை எழுதுகிறேன்.

முதலில் பறவையைப் பற்றிக் கொஞ்சம். ஜப்பானியர்கள் இதைக் கோனோதோரி என்கிறார்கள். சத்திமுத்தப் புலவர் பாட்டில் வருகிற செங்கால் நாரைக்கு நெருங்கிய சொந்தம். செங்கால் நாரைக்குக் காலும் அலகும் சிவப்பு. இதற்குக் கால் சிவப்பு, அலகு கறுப்பு. நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், சிறகை விரித்தால் இரண்டு மீட்டர். வளர்ந்த பறவைக்குக் குரல் கிடையாது. அலகைக் கடகடவென்று தட்டித்தான் ஜோடியைக் கூப்பிடும், எதிரியை மிரட்டும். ரஷ்யாவின் தூரக்கிழக்கிலும் வடகிழக்குச் சீனத்திலும் அமூர் ஆற்றுச் சதுப்புகளில்தான் இந்த இனம் அதிகமாகக் கூடு கட்டுகிறது. குளிருக்கு யாங்சி ஆற்றுப் பக்கம் இறங்கும். ஜப்பானில் இருந்தவை வருஷம் முழுக்க அங்கேயே கிடந்த கூட்டம்.

ஒரு நாரைக்கு நாளைக்கு அரை கிலோ இரை வேண்டும். மீன், தவளை, பாம்பு, வெட்டுக்கிளி எதுவானாலும் சரி. டொயோகாவில் அதற்கு முக்கிய இரை, சேற்றில் ஒளிந்து வாழ்கிற ஒரு சின்ன மீன். நம்ம அயிரையின் உறவுக்காரன் அது. குளிர்காலத்தில் பூச்சி, பாம்பு எல்லாம் அடங்கிவிடும். அப்போதும் தினம் அரை கிலோ வேண்டும். எத்தனை அயிரை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடியும் அதன் குஞ்சுகளும் பிழைக்க ஒரு வயல் போதாது. ஊர் முழுக்க வயலில் உயிர் இருக்க வேண்டும்.

1960இல் அங்கே எடுத்த ஒரு புகைப்படம் உண்டு. மாருயாமாவில் சேருகிற இசூஷி என்ற சின்ன ஆறு. தண்ணீரில் ஒரு விவசாயப் பெண்மணி, ஏழு மாடுகள், பக்கத்திலேயே பன்னிரண்டு நாரைகள். யாரும் யாரையும் பார்த்து மிரளவில்லை. (அந்த மாடுகள் தாஜிமா இனம். உலகத்தில் இன்று பெரிய விலைக்குப் போகிற கோபே மாட்டிறைச்சி அந்த இனத்திலிருந்து வந்ததுதான்.) அந்தப் படம் எடுத்த பதினோராவது வருஷம், ஜப்பானில் காட்டு நாரை ஒன்றுகூட இல்லை.

காரணம் ஒன்றல்ல. ராஜாக்கள் காலத்தில் வேட்டைக்குக் கட்டுப்பாடு இருந்தது. 1868க்குப் பிறகு துப்பாக்கி எல்லோர் கைக்கும் வந்தது, நாடெங்கும் சுட்டுத் தள்ளினார்கள். மிஞ்சியவை டொயோகா மாதிரி சில இடங்களில் ஒண்டிக்கொண்டன. இரண்டாம் உலகப்போர் சமயம், நாரை கூடு கட்டுகிற உயரமான பைன் மரங்களை எண்ணெய்க்காகவும் மரத்துக்காகவும் வெட்டினார்கள். இதையெல்லாம் தாண்டியும் கொஞ்சம் பிழைத்திருந்தது. கடைசி அடி விழுந்தது வயலில்.

1950களில் குலைநோய்க்குப் பாதரசம் கலந்த தூள் மருந்து வந்தது, தண்டுத் துளைப்பானுக்குப் பாரத்தியான் வந்தது. மீன் செத்தது, செத்ததையும் சாகப்போவதையும் நாரை தின்றது. இறந்த நாரைகளின் உடலைச் சோதித்தபோது பாதரசம் மிக அதிகமாக இருந்தது. முட்டைகள் பொரிக்காமல் போயின.

மருந்தை மட்டும் குற்றம் சொல்லிவிட்டால் நமக்கு வசதிதான். இயற்கை விவசாயிகளாகிய நாம் அங்கேயே நிறுத்திவிடுவோம். ஆனால் அதே காலத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. அரசாங்கம் வயல்களைச் சதுரம் சதுரமாக்கியது, இயந்திரம் இறங்கத் தரையை உலர்த்தியது, வடிகாலை ஆழமாக வெட்டிக் கான்கிரீட் போட்டது. முன்பு வயலும் வாய்க்காலும் ஏறக்குறைய ஒரே மட்டம். மழைத்தண்ணீர் வந்ததும் மீன் வாய்க்காலிலிருந்து வயலுக்கு ஏறி முட்டையிடும். புது வடிகாலோ வயலுக்குக் கீழே ஆள் இடுப்பளவு ஆழத்தில். மீன் எப்படி ஏறும்? மருந்தே இல்லாத வயலாக இருந்தாலும் அங்கே அயிரை இருக்காது.

நாரை குறைவது ஊருக்குத் தெரியாமல் இல்லை. 1955இலேயே பாதுகாப்புச் சங்கம் வைத்தார்கள். ஆளுக்கு ஒரு அயிரை கொண்டு வாருங்கள் என்று இயக்கம் நடத்திக்கூட இரை கொடுத்தார்கள். 1965இல் மிஞ்சியிருந்தவற்றில் ஒரு ஜோடியைப் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். கூண்டில் வைத்த நாரைகள் முட்டை போட்டன, ஒன்றும் பொரிக்கவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம் இல்லை, இருபத்து நாலு வருஷம். 1985இல் சோவியத் நாட்டின் கபரோவ்ஸ்கிலிருந்து ஆறு இளம் பறவைகள் வந்தன. இந்தப் பறவை ஜோடி சேர்வதில் மகா பிடிவாதம். பிடிக்காததை ஒரே கூண்டில் விட்டால் குத்திக் கொன்றுவிடும். பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் வைத்து, ஒன்றையொன்று பார்த்துப் பழகவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். 1989இல் முதல் குஞ்சு வந்தது. 2002க்குள் கூண்டில் இருந்தவை நூற்றைத் தாண்டிவிட்டன.

இனி திறந்துவிட வேண்டியதுதான். எங்கே விடுவது? வெளியே இருந்தது அதே கான்கிரீட் வடிகால், அதே மருந்து.

அந்த நேரம் பார்த்து, 2002 ஆகஸ்ட் 5ஆம் தேதி கண்டத்திலிருந்து ஒரு காட்டு நாரை தானாகவே பறந்து வந்து டொயோகாவில் இறங்கியது. எட்டாம் மாதம் ஐந்தாம் தேதி வந்ததால் ஹாச்சிகோரோ என்று பேர் வைத்தார்கள். ஐந்து வருஷம் அங்கேயே இருந்தது. அது எங்கே மேய்கிறது, எந்த மாதம் எந்த வயலுக்குப் போகிறது என்று ஊரே குறித்து வைத்தது. ஒரு பழைய சண்டையும் அதனால் தீர்ந்தது. நாரை நடவுப் பயிரை மிதித்து அழிக்கும் என்பது அந்த ஊர் விவசாயிகளின் தலைமுறைக் கோபம். ஹாச்சிகோரோ நடந்த வயலில் அது வைத்த அடிகளை எண்ணிப் பார்த்தார்கள். நாற்றின் மேல் கால் பட்டது பயந்த அளவுக்கு இல்லை. ஒரு கோபத்தை இப்படிக் கணக்கெடுத்துத் தீர்த்துக்கொண்ட விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நம்ம ஊர் மயிலுக்கும் பன்றிக்கும் யாராவது இப்படி ஒரு கணக்கு எடுத்தால் தேவலை. (அவை பயிரைத் தின்கின்றன, மிதிப்பதோடு நிற்பதில்லை என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.)

2003இல் 'நாரை வளர்க்கும் வேளாண்மை' என்ற முறை தொடங்கியது. மாகாண வேளாண் அலுவலர்களும் ஒரு சில விவசாயிகளும் சேர்ந்து செய்தது. முதல் வருஷப் பரப்பு 0.7 ஹெக்டேர், அதாவது ஒன்றே முக்கால் ஏக்கர். இதில் இரண்டு வகை. ஒன்றில் மருந்தே கிடையாது. மற்றதில் வழக்கமான மருந்தில் முக்கால் பங்கைக் குறைக்க வேண்டும். விதை நேர்த்திக்கு மருந்துக்குப் பதில் 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம்.

முறையின் உயிர் இருப்பது தண்ணீரில். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அறுவடை முடிந்த வயலை அவர்கள் காயவிடுவதில்லை. தவிடும் மட்கும் போட்டுக் குளிர்காலம் முழுக்கத் தண்ணீர் கட்டுகிறார்கள். அந்த ஈரத்தில் மெல்லிய சிவப்பு நீர்ப்புழுக்கள் பெருகும். மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் டியூபிஃபெக்ஸ் என்று வாங்குவார்களே, அந்த இனம்தான். இந்தப் புழு தலையை மண்ணுக்குள் வைத்து மண்ணைத் தின்னும், வாலை மேலே நீட்டிக் கழிவை மேலே தள்ளும். கோடிக்கணக்கில் சேர்ந்து இப்படிச் செய்யும்போது வயலின் மேல்பரப்பில் கூழ் மாதிரி ஒரு வழவழப்பான படிவு உண்டாகும். களை விதைகள் அதற்கு அடியில் புதைந்து முளைக்க முடியாமல் போகும். களைக்கொல்லி இல்லாமல் அவர்கள் பிழைத்ததில் பாதி இந்தப் புழுவின் உழைப்பு. அடுத்து, நடவுக்கு ஒரு மாதம் முன்பே வயலை நிறைத்துவிடுவார்கள். நட்ட பிறகு எட்டு சென்டிமீட்டர், அதற்கு மேலும் தண்ணீர் நிறுத்துவார்கள். குதிரைவாலிப் புல் இந்த ஆழத்தில் மூச்சுமுட்டி நின்றுவிடும்.

இதற்குப் பிறகு வருவதுதான் கஷ்டமான பாகம். ஜப்பானில் நெல் தூர் கட்டி முடிந்ததும், ஜூன் நடுவில் வயலை ஒருமுறை வெடிக்கக் காயப்போடுவது வழக்கம். வேர் ஆழமாகப் போகும், வீண் தூர் நிற்கும். அந்த நேரம் வயலில் தலைப்பிரட்டை நிறைய இருக்கும். தட்டான் குஞ்சுகளும் தண்ணீருக்குள்தான். காயப்போட்டால் ஒரே நாளில் எல்லாம் கருவாடு. அதனால் நாரை வேளாண்மை செய்பவர் காயப்போடுவதை ஜூலை தொடக்கம் வரை தள்ளிப்போட வேண்டும். தேதியைப் பார்த்து அல்ல. வரப்பில் உட்கார்ந்து, தலைப்பிரட்டைக்குக் கால் வந்துவிட்டதா, தவளையாகி ஏறுகிறதா, தட்டான் தோலை உரித்துப் பறந்ததா என்று பார்த்துத்தான் மடையைத் திறக்க வேண்டும். வயலில் என்னென்ன உயிர் இருக்கிறது என்று எண்ணிக் குறிப்பதும் முறையில் ஒரு பாகம்.

அந்தத் தவளையும் தட்டானும் நாரைக்கு மட்டும் இரையல்ல. கதிர் பிடிக்கும் நேரத்தில் நாவாய்ப்பூச்சியையும் தத்துப்பூச்சியையும் தின்கிற கூலியில்லா ஆட்கள் அவை. சிலந்தியும் சேர்ந்துகொள்ளும். ஆழமான வடிகால்களுக்கு என்ன செய்தார்கள்? வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவே மீன் ஏறப் படி வைத்தார்கள். சாய்வாக ஒரு தொட்டி, அதில் குறுக்கே சின்னச் சின்னத் தடுப்புகள், தடுப்புக்குத் தடுப்பு தண்ணீர் தேங்கும். மீன் ஒவ்வொன்றாகத் தாண்டி வயலுக்கு வந்து சேரும். சாகுபடி செய்யாத வயல்களில் வருஷம் முழுக்கத் தண்ணீர் நிறுத்துபவர்களுக்கு மாகாணமும் நகராட்சியும் பணம் கொடுத்தன.

வங்கியில் இருந்தவன் என்பதால் எதைப் படித்தாலும் வரவு-செலவு எங்கே என்றுதான் முதலில் தேடுவேன். நாரைப் பாசம் முதல் வருஷத்துக்குப் போதும். மூன்றாம் வருஷம் விவசாயி பையைத் தொட்டுப் பார்ப்பார். இந்த முறையில் மகசூல் குறைகிறது, களையெடுக்க ஆள் அதிகம், தினமும் தண்ணீர் மட்டம் பார்க்க வேண்டும். இதைச் சரிக்கட்டியது விலைதான். உள்ளூர் வேளாண் கூட்டுறவு இந்த அரிசியை நாரைப் பேரிலேயே தனியாக வாங்கி விற்றது. மருந்தே தொடாததற்கு மேல் விலை, குறைத்ததற்கு அதற்கு அடுத்த விலை, இரண்டும் சாதாரண அரிசியைவிட அதிகம். இந்த விலை வித்தியாசம் நிலைத்து நின்றதால்தான் ஒன்றே முக்கால் ஏக்கர், பதினைந்து வருஷத்தில் 400 ஹெக்டேரைத் தாண்டியது, அதாவது ஆயிரம் ஏக்கர். பள்ளிப் பிள்ளைகள் மேயரிடம் போய், மதிய உணவில் இந்த அரிசியைப் போடுங்கள் என்று கேட்டதாகவும், பிறகு அப்படியே ஆனதாகவும் ஒரு செய்தி உண்டு. கூட்டுறவு ஒரு பேரைக் காப்பாற்றி விற்கத் தெரிந்திருந்தது என்பதை மட்டும் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம்மிடம் பாரம்பரிய நெல் இருக்கிறது, உழைப்பு இருக்கிறது. இந்த ஒன்றில்தான் தடுமாறுகிறோம்.

வயல் தயாரான பிறகுதான் கூண்டு திறந்தது. 2005 செப்டம்பர் 24ஆம் தேதி, இளவரசர் அகிஷினோ தம்பதியர் முன்னிலையில் ஐந்து நாரைகளை விட்டார்கள். 2007 மே மாதம் வெளியில் கட்டிய கூட்டில் ஒரு குஞ்சு பொரித்தது. ஜப்பான் காட்டில் 43 வருஷத்துக்குப் பிறகு அதுதான் முதல் குஞ்சு. பைன் மரங்கள் போய்விட்டதால் உயரமான கம்பம் நட்டு மேலே தட்டு வைத்துக் கொடுத்தார்கள், அதில்தான் பல ஜோடிகள் குடித்தனம். 2012இல் மாருயாமா ஆற்றின் கீழ்ப்பகுதியும் அதை ஒட்டிய நெல் வயல்களும் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. வெளியில் வாழும் நாரைகள் 2017இல் நூறைத் தாண்டின, 2022இல் முந்நூறை.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று எண்ண வேண்டாம். மின்கம்பியில் மோதிச் சாகின்றன, பயிர்க்காப்பு வலையில் சிக்குகின்றன. 2017இல் நாருட்டோ என்ற ஊரின் தாமரைக்கிழங்கு வயல்களில் ஒரு ஜோடி தானாகவே போய்க் குஞ்சு பொரித்தது. டொயோகா வட்டாரத்துக்கு வெளியே அதுதான் முதல் வெற்றி. அதே வருஷம் ஷிமானே மாகாணத்தில் கூடு கட்டிய ஒரு தாய்ப் பறவையை, கொக்கு என்று நினைத்து வேட்டைக்காரர் சுட்டுவிட்டார். நாலு குஞ்சுகளை எடுத்து வந்து காப்பாற்றினார்கள். விவசாயிகளுக்கும் வயதாகிறது. இத்தனை வயலில் தினம் தண்ணீர் மட்டம் பார்க்க முடியவில்லை என்று 2018இலிருந்து வயலில் கருவி நட்டுக் கைபேசியில் மட்டம் பார்க்கிற ஏற்பாட்டையும் சோதித்துப் பார்த்தார்கள்.

இதை நம்ம ஊரில் அப்படியே செய்யலாமா என்று கேட்டால், கூடாது என்பேன். அறுவடைக்குப் பிறகு தண்ணீர் கட்டுவது நமக்கு ஒத்துவராது. தை மாதத்துக்குப் பிறகு நமக்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது? இருந்தாலும் சம்பா தாளில் உளுந்தும் பயறும் போடுவதுதான் நம்ம மண்ணுக்கும் வீட்டுக்கும் நல்லது. வருஷம் முழுக்கத் தண்ணீர் நின்றால் மீத்தேன் வேறு கூடும். பறவைக்காக வயலைப் பார்த்துக்கொள்வதும் நமக்குப் புதிதில்லை. வேடந்தாங்கல்காரர்கள் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று தெரிந்து, 1798இலேயே கலெக்டரிடம் பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள். நத்தைகுத்தி நாரைகள் அங்கே கூடு கட்டிவிட்டுச் சுற்று வட்டார வயலில்தான் நத்தை பொறுக்குகின்றன.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை எனக்குத் தெரிந்து இரண்டு. முதலாவது, மீன் ஏறும் வழி. ஐப்பசி மழையில் வாய்க்காலிலிருந்து வயலுக்கு விராலும் கெளுத்தியும் அயிரையும் ஏறுவதைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். இப்போது வடிகாலைத் தூர்வாரும்போது ஆழமாக வெட்டிவிடுகிறார்கள், கான்கிரீட்டும் வருகிறது. உங்கள் வாமடையிலிருந்து வடிகால்வரை தண்ணீர் செங்குத்தாக விழுகிறதா, சரிந்து ஓடுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். செங்குத்தாக விழுந்தால் நாலு கல்லைப் படியாக அடுக்கினாலே போதும்.

இரண்டாவது கொஞ்சம் சங்கடமானது. ஒற்றை நாற்று நடவு செய்கிற நாம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நடவு முடிந்த சில நாட்களிலேயே காயப்போடத் தொடங்குகிறோம். பயிருக்கு நல்லது, தண்ணீரும் மிச்சம். ஆனால் மருந்தில்லாத வயலிலும் தலைப்பிரட்டை வெடிப்பில் சாகிறது. இரண்டையும் காப்பாற்ற ஒரு வழியை ஜப்பானிலேயே சாடோ தீவு விவசாயிகள் வைத்திருக்கிறார்கள். அங்கே கொண்டை அரிவாள் மூக்கன் என்கிற இன்னொரு சேற்றுப் பறவையை 2008இல் திரும்ப விட்டார்கள். அவர்கள் வயலின் ஓரமாக ஒரு ஓடை வெட்டி, வயல் காயும்போதும் அதில் மட்டும் தண்ணீர் நிறுத்துகிறார்கள். நான் போன சம்பாவில் மூன்று ஏக்கரில் தாழ்ந்த மூலையாகப் பார்த்து, வரப்பை ஒட்டி ஆறடி அகலத்தில் முழங்கால் ஆழத்துக்கு இப்படி ஒன்று வெட்டினேன். காயப்போட்ட நாளில் தவளைக் குஞ்சும் மீனும் அங்கே ஒதுங்கின, நத்தைகுத்தி இரண்டு தினமும் வந்து நின்றன. அதில் வருகிற நெல் இழப்பு சொல்கிற அளவுக்கு இல்லை. வெட்டும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள். கரையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக இழுத்துவிடுங்கள். கால் முளைத்த குட்டித் தவளைக்கு ஏறத் தெரியும், தாவத் தெரியாது.